பாதத்தில் தொடங்கிய கடிதம்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் ஜெறோமும் றெபேக்காவும் சுகம். நீங்களும் அண்ணியும் சாம்பவியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? மாரி முடிந்தும் வலி நிற்கவில்லை என்றால் டாக்குத்தரிடம் காட்டுங்கள். எண்ணெயை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

இங்கே வாசல் படியைப் பனி மூடிவிட்டது. விடியமுன் ஜெறோம் எழுந்து நடைவழியை வெட்டிவிட்டு, ஜான்-டலோன் சந்தையிலுள்ள மீன்கடைக்கு வேலைக்குப் போகிறார். அவர் வெட்டிய வழியால் நடந்து போய்த்தான் நான் பஸ் பிடிக்கிறேன். கல்லூரியில் இந்தத் தவணை எனக்குப் புதுப் பாடம். அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக் கதைகளில் பெரிய ஆட்களும் சின்ன ஆட்களும் எப்படிச் சித்திரிக்கப்பட்டார்கள் என்று படிப்பிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். "வெள்ளைக்காரன்ரை பழங்கதையை வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கக் கோண்டாவிலாள் ஒருத்தி வேணுமோ?" என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது.

போன் எடுத்தால் என்ன என்று அண்ணி கேட்டாவாம். அப்பாவின் செத்தவீட்டன்று, என் கல்யாணத்தைச் சாட்டி நீங்களும் நானும் போனில் கத்திய கத்தல் ஒரு ஆயுளுக்குப் போதும் என்று சொல்லுங்கள். கடிதத்தில் சண்டை பிடித்தால் முத்திரை ஒட்டுகிற நேரத்திலாவது கோபம் ஆறும்.

சாம்பவிக்குப் பேசிய இடம் என்னவாயிற்று? விபரமாக எழுதுங்கள்.

அன்புத் தங்கை
வித்தியா


கோண்டாவில்
8 பெப்ரவரி 2025

அன்புள்ள தங்கை வித்தியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீயும் பிள்ளையும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. நாங்களும் சுகம். முழங்கால் பழையபடி. டைகருக்குக் காதில் ஒரு புண் வந்து மாறிவிட்டது. இப்போது முன்னரைவிட அதிகமாகக் குரைக்கிறது.

சாம்பவியின் விடயம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை நல்லூரில், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளர். தகப்பன் முன்னாள் அதிபர். பெரிய இடம், ஆனால் பெருமை காட்டாத ஆட்கள். அவர்கள் எங்களைப் பற்றி விசாரிக்காத வீடு கோண்டாவிலில் இல்லை. நாங்களும் அப்படித்தான் விசாரித்தோம். ஆகஸ்ட் கடைசி வெள்ளி நாள் வைத்திருக்கிறது. நீயும் பிள்ளையும் ஒரு மாதமாவது நிற்கிற மாதிரி வரவேண்டும். அப்பாவின் அறையை உங்கள் இரண்டு பேருக்கும் வெள்ளையடித்து வைக்கிறேன்.

இன்னொன்று. அம்மாவின் காப்புச் சோடி உன்னிடம் இருக்கிறது. சாம்பவி பிறந்த அன்றே, இவள் மணவறைக்குப் போகும்போது கையில் இது கிடக்கவேண்டும் என்று அம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். மறக்காமல் கொண்டு வா.

உன் பழங்கதைகளில் ஒன்றிரண்டு எழுது. வாசித்துப் பார்த்து, எங்கள் கதை திறமா அவர்கள் கதை திறமா என்று தீர்ப்புச் சொல்கிறேன்.

அன்புடன்
அண்ணன் இரவிச்சந்திரன்


பியர்பொன்ட்ஸ்
5 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே மூன்று பேரும் சுகம். சாம்பவிக்கு என் முத்தம். செய்தி வாசித்த அன்று சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோசம்தான். ஜெறோம் பயந்துபோய், "என்ன புள்ள, ஆருக்கும் ஏதும் ஆயிற்றா?" என்று கேட்டார்.

கதை கேட்டீர்கள். கதையை விட அதைச் சொல்கிற விதம்தான் வேடிக்கை. ஒரு பெருங்குடிப் பெண்ணை வர்ணிப்பது என்றால் கதை சொல்பவன் கூந்தலில் தொடங்குவான். நெற்றி, புருவம், கண் என்று ஒழுங்காக இறங்கி வருவான். எல்லாம் பால், பொன், ரோசாப்பூ. ஒரு இடையனோ உழவனோ எதிர்ப்பட்டால் அந்த ஒழுங்கெல்லாம் காணாமல் போய்விடும். பல்லைப் பார், காதைப் பார், முடியைப் பார் என்று சந்தையில் மாடு பிடிக்கிறவன் போலப் பேசத் தொடங்குவான். எல்லாக் கதையும் அப்படி இல்லை. ஆனால் பல கதை அப்படித்தான்.

அதைவிடப் பெயர் விடயம் இன்னும் நல்லது. போர்வீரனுக்குப் பெயர் உண்டு. அவனுடைய வாளுக்குப் பெயர் உண்டு. குதிரைக்கும் உண்டு. கதவு திறப்பவனும் சோறு போடுபவனும் பெரும்பாலும் தொழிலோடு சரி. போன கிழமை பின்வரிசை வாங்கில் இருக்கும் கியூபெக் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். "மதாம், குதிரைக்குப் பெயர் இருக்கிறது, சமையல்காரனுக்கு இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டைகரின் காது மாறியது கேட்டு மகிழ்ச்சி.

அன்புத் தங்கை
வித்தியா


கோண்டாவில்
30 மார்ச் 2025

அன்புள்ள வித்தியாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

நாயைப் பற்றி நீ எழுதிய ஒற்றை வரி எனக்கு விளங்காமல் இல்லை. நான் பிரதேச செயலகத்தில் முப்பது வருடம் கடிதம் வாசிக்கிறவன்.

வர்ணனை பற்றி ஒன்று சொல்கிறேன். வெள்ளைக்காரன் மட்டும்தான் தலையில் தொடங்கினான் என்று நினைக்காதே. எங்களிலும் மனிதரைப் பாடினால் கூந்தலில் தொடங்கி அடிவரை இறங்குவார்கள். அது கேசாதிபாதம். தெய்வத்தைப் பாடும்போது மட்டும் பாதத்தில் தொடங்கி மேலே ஏறுவார்கள். அது பாதாதிகேசம். கோவிலில் பிரசங்கம் கேட்கிற எனக்கே இது தெரியும். உன் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடு. தீர்ப்பு எங்கள் பக்கம்தான்.

இனி மற்ற விடயம். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தில் ஒவ்வொருவரையும் காட்டி, "இவர் ஆர்? என்ன ஆக்கள்?" என்று கேட்பார்கள். கேட்பது இங்கே வழக்கம். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. எனக்கு ஒரே மகள். சபையில் நின்று மென்று விழுங்க என்னால் முடியாது. நீயும் பிள்ளையும் வாருங்கள். உங்களை முன்வரிசையில் இருத்துவேன். நீ விளங்கிக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

அண்ணி எங்கள் வளவுப் பனங்கிழங்கில் புழுக்கொடியல் மா இடித்து உனக்கு அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்
அண்ணன்


பியர்பொன்ட்ஸ்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். மா வந்து சேர்ந்தது. அண்ணிக்கு நன்றி.

உங்களுக்கு இன்னொரு வகைக் கதை சொல்கிறேன். ஒரு இளைஞன் அரண்மனைக்கு வருவான். பெயர் சொல்லமாட்டான். குசினியில் தண்ணீர் அள்ளிச் சட்டி கழுவ விடுவார்கள். எல்லோரும் ஏளனம் செய்வார்கள். கடைசியில் அவன் அரசன் வீட்டுப் பிள்ளை என்று தெரியவரும். உடனே ஏளனம் செய்த எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இப்படி ஒன்றல்ல, பல கதைகள். கேட்பவர்களுக்கு அப்படி ஒரு ஆறுதல். தாங்கள் மரியாதை கொடுத்தது சட்டி கழுவியவனுக்கு அல்ல, அரச குமாரனுக்கு.

நான் வகுப்பில் கேட்டேன். அவன் உண்மையாகவே சமையல்காரனின் மகனாக இருந்திருந்தால்? அந்தக் கதையை ஏன் யாரும் சொல்லவில்லை? நீங்கள் சொல்லுங்கள்.

ஜெறோம் அரச குமாரன் இல்லை அண்ணை. மட்டக்களப்பில் கரைவலை இழுத்தவரின் மகன். இங்கே மீன் வெட்டுகிறார். பன்னிரண்டு வருடமாக என் கணவர். அவர் பெயரை ஒரு கடிதத்தில் எழுதினால் உங்கள் பேனை உடைந்துவிடாது. அவர் இல்லாத முன்வரிசை எனக்கு வேண்டாம். நாங்கள் வரவில்லை.

காப்பு எப்படியும் வந்து சேரும். அது அம்மாவின் சொல்.

வித்தியா


பியர்பொன்ட்ஸ்
20 ஜூன் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் தவறிவிட்டதா, கோபமா, அல்லது உடம்புக்கு ஏதாவதா? கோபம் என்றால் பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். உடம்பு என்றால் அண்ணியாவது ஒரு வரி எழுதட்டும்.

நேற்று டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோவிலுக்குப் போனேன். ஜெறோம் கார் ஓட்டி வந்து வழக்கம்போல வெளியே நின்றார். "உள்ள வாங்க, ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்றேன். "எனக்கு என்ன புள்ள, காத்து நல்லாக் கிடக்கு. நீ உன்ர அண்ணனுக்கும் சேத்துக் கும்பிட்டுப்போட்டு வா" என்றார். சாம்பவியின் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன். உங்கள் பெயருக்கும்தான்.

நான் எழுதியதில் ஒரு வரியையும் மாற்றமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அன்புத் தங்கை
வித்தியா


கோண்டாவில்
12 ஜூலை 2025

அன்புள்ள வித்தியாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கலியாண அலைச்சல்.

அழைப்பிதழ் இதனுடன் இருக்கிறது. உறையில் 'வித்தியா குடும்பத்தினர்' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். குடும்பத்தினர் என்றால் அதற்குள் எத்தனை பேரும் அடங்கலாம். இதற்கு மேல் என்னால் இறங்கமுடியாது.

உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. யோசித்துப் பார்த்தேன்.

அன்புடன்
அண்ணன்


பியர்பொன்ட்ஸ்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். அழைப்பிதழ் அழகாக இருக்கிறது. சாம்பவியின் பெயரைத் தடவிப் பார்த்தேன்.

'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் ஒரு மனிதரைப் பதுக்கிக் கொண்டுவர எனக்கு மனமில்லை. நானும் றெபேக்காவும் இங்கேயே இருந்து உங்களுக்காக விளக்கு ஏற்றுவோம்.

காப்புச் சோடியைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கொழும்பில் தேவதாசன் மாமா வீட்டில் இருபதாம் திகதிக்குப் பிறகு இருக்கும். யாரையாவது விட்டு எடுப்பியுங்கள். கொண்டுவருகிறவர் நம்பிக்கையான ஆள்.

சாம்பவியிடம் சொல்லுங்கள், மாமி கோபத்தில் வராமல் விடவில்லை என்று.

அன்புத் தங்கை
வித்தியா


கோண்டாவில்
1 செப்டெம்பர் 2025

இந்தக் கடிதத்தின் தலையில் நலம் விசாரிப்பு இல்லை என்று முகத்தைச் சுளிக்காதே. அது கடைசியில் வரும். கடிதமும் தபாலில் வராது. இதை உன் கையில் தருகிறவரிடம் ஒரு வாக்கு வாங்கியிருக்கிறேன். நீ இதை வாசிக்கும் வரை அவர் வாய் திறக்கக்கூடாது. அவருக்கு அது கஷ்டமான வேலை இல்லை என்று இந்த நாட்களில் கண்டுகொண்டேன்.

கலியாணம் மண்டபத்தில் என்றாலும், வந்து போகிறவர்களுக்காக வீட்டு முற்றத்திலும் பந்தல் போட்டோம். செவ்வாய்க்கிழமை காலை வாடகைக்குச் சாமான் விடுகிற தியாகலிங்கத்தின் லொறி, சனம் இருக்கிற கதிரைகளோடு வந்து வாசல் படலையில் நின்றது. இரவு மழை பெய்து படலைக்கு வெளியே ஒழுங்கை முழுக்கச் சேறு. எனக்கு ஆயிரம் வேலை. படலைக்குக் கீழே இருக்கும் இடைவெளியால் பார்த்தேன். இரண்டு கால்கள் அசையாமல் நின்றன. சேறு அப்பிய பாதம். ஒரு செருப்பின் வார் அறுந்து, அதைக் கயிற்றால் கட்டியிருந்தது. லொறி ஆட்களில் ஒருத்தன் சும்மா நிற்கிறான் என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. படலையைத் திறந்து, "நிண்டு பாத்தால் கதிரை தானாய் இறங்குமோ? தூக்கும்! பின்வளவாலை கொண்டுபோய்க் கிணத்தடியிலை அடுக்கும்!" என்றேன். முகத்தை நான் பார்க்கவே இல்லை. கதிரை தூக்குகிறவனின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

அந்தக் கால்கள் ஒரு கணம் தயங்கின. பிறகு லொறிக்குப் போய்க் கதிரையைத் தூக்கின.

பிறகு கண்டது முதுகு. சேட்டு நனைந்து ஒட்டியிருந்தது. பிறகு கை. நான்கு கதிரையை ஒன்றாகப் பிடித்த விரல்களில் சின்னச் சின்ன வெட்டுத் தழும்புகள். "என்ன, மரம் அரியிறனீரோ?" என்று கேட்டேன். "இல்ல ஐயா, மீன்" என்றது குரல். அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

வேலை முடிந்ததும் அண்ணி எல்லோருக்கும் பேப்பர் கப்பில் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் அப்பாவின் காலத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனிக் குவளை இருந்தது. இப்போது எங்கள் வீட்டில் அது இல்லை என்று நான் பெருமை பேசுகிறவன். பேப்பர் கப் வந்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அண்ணி வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தவள் அந்த ஆளின் முன்னால் நின்றாள். முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வரும்போது கையில் சம்பந்தி வீட்டாருக்கென்று வாங்கிய பூப்போட்ட பீங்கான் கோப்பை, தட்டத்தோடு. "உனக்கென்ன விசரே?" என்று கத்தினேன். பந்தல் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நீ வருடாவருடம் அனுப்பிய படங்களை நான் திறந்து பார்த்ததில்லை, வித்தியா. அண்ணி ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள்.

அவர் கோப்பையை வாங்கிக் கதிரையில் வைத்தார். சேட்டுப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். "கொழும்பில குடுக்கச் சொன்னவ. நகை எண்டபடியா, மட்டக்களப்பில அப்பாட ஆண்டுப் பூசை முடிய நானே கொண்டுவந்தன். சரி ஐயா, நான் வாறன்" என்றார். முடிச்சை அவிழ்த்தேன். அம்மாவின் காப்பு. அப்போதுதான் நான் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் அவர் படலைக்குப் போய்விட்டார்.

பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். சம்பந்தி வீட்டார் ஒன்றும் அறியமாட்டார்கள். அதையும் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோப்பை கதிரையில் ஆவி பறந்துகொண்டு கிடந்தது. என் வீட்டுக் கலியாணத்துக்குக் கதிரை அடுக்கிவிட்டு ஒரு மனிதன் தேத்தண்ணீர் குடிக்காமல் போகிறார். முழங்காலையும் பாராமல் ஓடிப்போய்ப் படலையைப் பிடித்துக்கொண்டு, "நில்லுங்கோ மச்சான்" என்றேன். அந்தச் சொல் எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. அழுதேன். பந்தல் ஆட்களுக்கு முன்னால்தான்.

மத்தியானம் நானும் அவரும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். அப்பாவின் அறையில் படுத்தார். வெள்ளிக்கிழமை என் வேட்டி சால்வையில் மண்டபத்துக்கு வந்தார். முன்வரிசையில் இருத்தினேன். சம்பந்தி என் காதுக்குள், "இவர் ஆர்?" என்று கேட்டார். "என்ரை தங்கச்சியின்ரை மனுசன். ஜெறோம். மொன்றியலிலை மீன்கடையிலை வேலை" என்றேன். "என்ன ஆக்கள்?" என்றார். "எங்கடை ஆக்கள்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் கறுத்தது. பிறகு மேளம் தொடங்கிவிட்டது. தாலி ஏறியது. ஒரு கூரையும் இடிந்து விழவில்லை. இந்த ஒரு கேள்விக்குப் பயந்தா இத்தனை வருடம் கிடந்தேன் என்று அந்த மேளச் சத்தத்துக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சில் ஏறியிருந்து மிதித்த ஒன்று இறங்கிப் போய்விட்டது. குறை ஒன்றுதான். நீ இல்லை. அது என் பிழை.

உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். இங்கே கடைசியில் யாரும் அரச குமாரன் என்று தெரியவரவில்லை. கரைவலை இழுத்தவரின் மகன் என்றுதான் தெரியவந்தது. தெரிந்த பிறகுதான் நான் ஓடினேன்.

நான் பார்த்த ஒழுங்கில் எழுதினேன். கால், முதுகு, கை, முகம். பாதாதிகேசமாக அமைந்துவிட்டது. இனித் தலை.

அன்புள்ள தங்கை வித்தியாவுக்கும், மச்சான் ஜெறோமுக்கும், மருமகள் றெபேக்காவுக்கும்,

நாங்கள் எல்லோரும் இங்கே சுகம். உங்கள் மூவரின் சுகம் அறிய ஆவல்.

அண்ணன்
இரவிச்சந்திரன்


பியர்பொன்ட்ஸ்
7 செப்டெம்பர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் மூவரும் சுகம். இந்த வரியை இவ்வளவு நிம்மதியாக நான் எழுதியதே இல்லை.

விமான நிலையத்தில் வைத்தே உறையைக் கிழித்தேன். போனில் இவர் சொன்னதெல்லாம், "காப்பு குடுத்தாச்சு புள்ள, மற்றதெல்லாம் மறுகா சொல்றன்" என்பதுதான். வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து மூன்று தரம் வாசித்தேன். றெபேக்கா, "அம்மா, ஏன் அழுதுகொண்டு சிரிக்கிறீங்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். மார்கழி விடுமுறைக்கு ரிக்கட் போடுகிறோம். அப்பாவின் அறை மூன்று பேருக்குப் போதும்.

அண்ணி கொடுத்த அந்தக் கோப்பையை நான் வந்துதான் பார்க்கவேண்டும். அதை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனும் எடுக்கலாம் அண்ணை. கத்துவதென்றாலும் கத்தலாம்.

உங்கள் கடிதத்தை இவரும் வாசித்தார். தானும் எழுதவேண்டுமாம். பேனையை அவரிடம் கொடுக்கிறேன்.

வித்தியா

மச்சான்,

நான் சுகம். நீங்களும் சுகமா இருக்கோணும். கடிதம் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா என்னைய ஒரு சாது மாதிரி எழுதிப்போட்டீங்க. நான் பொறுமையால கதிரை தூக்கல்ல. பயத்தால தூக்கினன். மட்டக்களப்பில இருந்து பஸ்ஸில வரேக்க, உங்களோட என்ன கதைக்கிறது எண்டு யோசிச்சு யோசிச்சு ஒண்டும் வரல்ல. நீங்க தூக்கும் எண்டு சொன்ன உடன, அப்பாடா, கையில ஒரு வேலை கிடைச்சிட்டு எண்டு இருந்திச்சு. தேத்தண்ணிய விட்டுட்டுப் போனதும் ரோசத்தால. அதையும் எழுதுங்க.

மார்கழியில வாறம். தியாகலிங்கத்தாரக் கண்டாச் சொல்லுங்க, அந்த லொறிக்காரரில ஒருத்தருக்கு இன்னும் கூலி குடுக்கல்லயாம்.

மச்சான்
ஜெறோம்